கரைக்கோல் பிடித்தவள்

எதிர்வீட்டுப் பாக்கியவதியைப் பற்றிச் சொல்வதென்றால் நாற்றத்தில்தான் தொடங்க வேண்டும். அவள் மேல் ஒரு குறையும் சொல்லமுடியாது. நாற்றம் அவர்கள் வீட்டு வலையினுடையது. மராட்டி மண்ணில், இந்த வானவடியில் எங்கள் கட்டடத்தில் மாடிக்கு இரண்டு வீடு, எதிரும் புதிருமாக. நடுவில் மாடிப்படிக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியின் மேல் ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் மீன்வலை ஒன்று சொட்டச் சொட்டக் காயும். குருவாரமும் அதுவுமாக நான் விளக்கேற்றிவிட்டுக் கதவைத் திறந்தால் சேறும் பாசியும் மீன் செதிலும் கலந்து முகத்தில் வந்து மோதும். என் கணவர் லக்ஷ்மிநாராயணன், பேங்கில் இருந்தவர், எதற்கும் நிதானம் தவறாதவர். அவரே மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்குவார்.

முதல் தடவை சண்டைக்குத்தான் போனேன். கதவைத் தட்டியதும் கழுத்தில் இன்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "மன்னிச்சுக்கோங்க மாமி, இப்ப எடுத்துருதேன்" என்று அந்த ஈரவலையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பால்கனி முழுக்க ராணுவக்காரர்களின் யூனிஃபார்ம்கள் இஸ்திரி போட்டுத் தொங்கின. அவள் அவற்றுக்குப் பட்டியும் பெயர் வில்லையும் தைத்துக் கொடுப்பவள். வலையைப் போட வேறு இடமே இல்லை. குளியலறைத் தரையில் அதைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சண்டை போட லாயக்கே இல்லாத பெண். "சரி சரி, வெளியிலேயே போட்டுத் தொலை. அடியிலே ஒரு பக்கெட்டை வை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்த நாற்றமும் எனக்குப் பழகிப்போயிற்று, அவளும் பழகிப்போனாள்.

அவள் கணவர் சிரில், ஆகுர்டியில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அவருடைய அப்பா பட்டாளத்தில் வேலையாக வந்து கன்டோன்மென்ட் பக்கமே தங்கிவிட்டவர். பாக்கியத்தைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே பையன் ரயன், இப்போது மகர்பட்டாவில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான், கல்யாணமாகித் தனிக்குடித்தனம்.

அவர்கள் குடிவந்த புதிதில் நான் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். சிரில் வேலை முடிந்து வந்தால் நேரே உள்ளே போகமாட்டார். வாசலில் நிற்பார். பாக்கியம் வந்து எதிரே நிற்பாள். அவர் குனிந்து அவள் முகத்தில் ஊதுவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு வழிவிடுவாள். தினமும் இப்படி. ஏதோ ஆசீர்வாதம் போலிருக்கிறது, இவர்கள் மதத்தில் வீட்டுக்குள் நுழையுமுன் இப்படி ஒரு வழக்கம் உண்டாக்கும் என்று நானாகவே முடிவுகட்டினேன். என்ன பக்தி, என்ன ஒட்டுதல் என்று என் கணவரிடம் மெச்சிக்கொள்ளவும் செய்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அசடு. ரோட்டிலே வண்டியை நிறுத்திப் போலீஸ்காரன் ஊதச் சொல்றானே, அதுதான் இது" என்றார்.

சிரில் அப்போது நன்றாகக் குடிப்பார். அடிக்கமாட்டார், கத்தமாட்டார். எங்கேயாவது விழுந்து கிடப்பார், அவ்வளவுதான். ரயன் பள்ளிக்கூட விழா ஒன்றில் எல்லார் முன்னாலும் அவர் ஏதோ ஒரு நிலையில் வந்து நின்றிருக்கிறார். அதைப் பாக்கியம் முழுதாகச் சொன்னதில்லை, நானும் கிளறவில்லை. அதன் பிறகு விட்டுவிட்டார். விட்டபின்னும் வாசலில் ஊதுவது மட்டும் நிற்கவில்லை. அவள் கேட்பாள், அவர் ஊதுவார். தலையைக் குனிந்துகொண்டு, பரீட்சையில் தவறிய பிள்ளை மாதிரி.

வியாழக்கிழமைதான் கண்டம். அவர் தொழிற்சாலைக்கு அன்றுதான் வார விடுமுறை. கூட்டாளிகள் கீழே வந்து ஹாரன் அடிப்பார்கள். அந்த நேரத்தில்தான், வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போன யாரோ ஒருவர் இந்த இழுவலையைச் சிரிலிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிரில் அதற்குப் புதிதாக ஈயக்குண்டுகள் வார்த்துக் கோத்து, இரண்டு முனைக்கும் மூங்கில் கோல் கட்டினார். "இதுக்கு ரெண்டு ஆள் வேணும் பாக்கியம். நீ வாறியா?" என்று கேட்டாராம். கேட்டதுதான் தாமதம், அவள் சரியென்றுவிட்டாள்.

"ஒனக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"எங்க ஊர்ல தண்ணியே கிடையாது மாமி, வெறும் தேரிக்காடு. ஆனா அவிய கையில கோல் இருந்தா குப்பி இருக்காதுல்லா? அதான் போறேன்."

சாஸ்வட் ரோட்டில் திவே காட் மலைப்பாதை ஏறி இறங்கினால் ஊர்க்காரர்களுடைய ஏரி ஒன்று இருக்கிறது. கரையில் வயல் வைத்திருக்கும் மராட்டிக்காரர் ஒருவருக்குக் கொஞ்சம் மீன் கொடுத்துவிட்டால் போதும், "யா வஹினி, யா" என்று அண்ணி முறை சொல்லி வரவேற்பார். விடிவதற்குள் ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். மூங்கில் கோல்கள் இரண்டும் வண்டியின் பக்கவாட்டில், வலை சாக்குப்பையில், பெயின்ட் பக்கெட் ஒன்று பாக்கியத்தின் மடியில்.

ஒரு தடவை நாராயண்பூர் பாலாஜியைச் சேவித்துவிட்டுத் திரும்பும் வழியில், என் கணவரிடம் சொல்லி அந்த ஏரிக்கரையில் காரை நிறுத்தவைத்தேன். இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே. நடு டிசம்பர். எனக்குக் காருக்குள்ளேயே நடுங்கியது. சிரில் ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அரைவட்டமாக நடந்தார். பாக்கியம் இன்னொரு கோலைப் பிடித்துக்கொண்டு கரையோரச் சேற்றில் நின்றாள். நைட்டிக்குக் கீழே ரயனுடைய பழைய டிராக் பேன்ட். இரண்டு பேருக்கும் நடுவே வலை, மேல்கயிற்றில் தக்கைகள் மிதந்தன, கீழ்க்கயிற்றை ஈயம் தரையோடு அழுத்தியது. அவள் பிடித்திருந்ததற்குக் கரைக்கோல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிடித்தால் மட்டும் போதாது. கோலின் அடியைக் காலால் மிதித்துக்கொண்டே நிற்க வேண்டும். கால் தளர்ந்தால் ஈயம் சேற்றை விட்டு எழும்பிவிடும், வளைத்த மீனெல்லாம் அடிவழியாக ஓடிவிடும். "மிதிச்சுக்கோ பாக்கியம், மிதிச்சுக்கோ" என்று தண்ணீருக்குள்ளிருந்து அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

சுற்றிவந்து கரையேறியதும் இருவரும் கீழ்க்கயிற்றை முன்னால் இழுத்து வலையை ஏந்திப் பிடித்தார்கள். விரல் நீளக் குஞ்சு மீன்கள் துள்ளின. அதையெல்லாம் அவள் பக்கெட்டுத் தண்ணீரில் விட்டாள். அதுதான் தூண்டிலுக்கு இரையாம். உயிரோடு ஒன்றை முள்ளில் கோத்துப் பாசியோரம் விட்டால் விரால் வந்து கவ்வுமாம். இரை தீர்ந்தால் மறுபடி வலை. வலையிலேயே ஜிலேபியும் கெண்டையும் விழுந்தால் அது வேறு லாபம். ஜிலேபி என்று ஒரு மீன் இருப்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் இனிப்பு ஜிலேபியே இறங்கவில்லை.

நான் பார்த்ததெல்லாம் அவள் முகத்தைத்தான். மீன் விழுந்தபோது சிரில் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் திரும்பியதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சேற்றிலிருந்து காலை உருவ ஒரு கையால் தொடையைப் பிடித்துத் தூக்கினாள்.

இப்படியே வருஷங்கள் போயின. வியாழக்கிழமை பூராவும் சேற்றில் நிற்பாள். வந்ததும் செதில் தேய்த்து, குழம்பு வைத்து, வலையை அலசிப் போட்டு, கிழிந்த கண்ணிகளைத் தைப்பாள். மறுநாள் காலையில் யூனிஃபார்ம்கள் காத்திருக்கும். சிரில் ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமை மாறவில்லை. அவர் தனியாக எங்கேயும் போகமாட்டார். காய்கறி வாங்கப் போனாலும் அவள், சர்ச்சுக்குப் போனாலும் அவள், முடிவெட்டிக்கொள்ளப் போனாலும் அவள் கடைவாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஒட்டிப் பிறந்தவா மாதிரி இருக்கேளே" என்று நான் கேலி செய்வேன். வாசலில் ஊதுகிற வழக்கம் எப்போதோ தானாக நின்றுபோயிருந்தது. தனியாக வந்தால்தானே ஊதுவதற்கு.

போன மழைக்காலத்தில் அவள் முழங்கால் வீங்கியது. ஃபாத்திமா நகரில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே தேய்ந்துபோய்விட்டது, தையல் மெஷினை மிதிக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் நிற்கவே கூடாது என்றார் அவர். மெஷினுக்கு மோட்டார் வைத்தாள். தண்ணீரை விடவில்லை.

"சிரில்கிட்ட சொன்னியா?"

"இல்ல மாமி."

"ஏன்?"

"சொன்னா வலைய மூட்ட கட்டி வச்சிருவாவ. பொறவு வியாழக்கிழம வீட்டுல சும்மா இருக்கணும். ரிட்டயர் ஆனவிய எல்லாம் கீழ பெஞ்சுல உக்காந்து என்ன குடிக்காவன்னு நீங்களே பாக்கியள்லா?"

"எத்தனை வருஷம் ஆச்சு அவர் விட்டு! இன்னுமா நம்பிக்கை வரலை?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு தடவை தவறியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அசதியா இருக்கு மாமி. தூங்கி எந்திச்சாலும் போகாத அசதி. ஒரு வியாழக்கிழம, ஒரே ஒரு வியாழக்கிழம, வெயில் மூஞ்சில படுற வரைக்கும் படுத்துக் கெடக்கணும். ஆனா கோல விட்டுட்டா அவியளயும் விட்டுட்ட மாதிரி பயமா இருக்கு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த ஜனவரியில், பல் கிட்டிக்கும் குளிரில் ஒரு வியாழக்கிழமை விடியலில் படியில் ஏதோ உருளும் சத்தம். கதவைத் திறந்தேன். பெயின்ட் பக்கெட் கீழே உருண்டு போய்க்கொண்டிருந்தது. பாக்கியம் கைப்பிடியைப் பிடித்தபடி பாதிப் படியில் நின்றாள், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல். சிரில் கீழிருந்து கோல்களோடு ஏறி வந்து, "என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு. இப்ப வந்துருதேன்" என்றாள் அவள்.

என்னால் பொறுக்கமுடியவில்லை. "என்ன ஒண்ணுமில்லை? முழங்கால் தேஞ்சு போயிருக்கு. தண்ணியிலே நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி மாசக்கணக்காச்சு. கண்ணிருந்தும் தெரியாதா உங்களுக்கு?" என்று சிரிலைப் பிடித்துக் கத்திவிட்டேன். மேல்மாடியில் யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

சிரில் கோல்களைச் சுவரில் சாய்த்தார். "ஏன் பாக்கியம் சொல்லல?"

"வலைக்கு ரெண்டு கோல்லா இருக்கு" என்றாள் அவள்.

 சிரில் அவளைத் தாங்கிப் பிடித்து மேலே கூட்டிவந்து உட்காரவைத்தார். பிறகு சமையலறைப் பரணிலிருந்து முழங்கை நீள இரும்பு முளை ஒன்றையும் சுத்தியலையும் எடுத்தார். முளையின் தலையில் கயிறு கட்ட வளையம் பற்றவைத்திருந்தது.

"கரையில இத அடிச்சுக் கோலக் கட்டிட்டா நிக்கும். நான் ஒத்தையில சுத்தி வந்துருவேன். நீ படுத்துக்கோ" என்றார். கிளம்பியும் போய்விட்டார்.

பாக்கியம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அது துருப்பிடிச்சுக் கெடந்துச்சு மாமி, பாத்தியளா? பழைய முளை. ரொம்ப வருசத்துக்கு முந்தியே செஞ்சு வச்சிருக்காவ."

நான் பார்த்திருந்தேன்.

"ஒரு இரும்புக் குச்சி செய்யுற வேலையவா நான் இம்புட்டு வருசமும் செஞ்சேன்? கால் தேயத் தேய?"

 "படு. வெயில் வர்ற வரைக்கும் படுக்கணும்னு சொன்னியே, இப்பப் படு" என்றேன். படுத்தாள். கால்மணி நேரம்கூட இருக்காது, எழுந்து நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

அன்று முழுக்க நான் அவளோடுதான் இருந்தேன். அவளுக்கு உப்புமா கிண்டிக்கொடுத்தேன், தொடவில்லை. மத்தியானம் வரை கோபம், "என்ன ஒரு ஆளா நெனைக்கவே இல்ல" என்று. மத்தியானத்துக்கு மேல் கோபம் பயமாக மாறியது. வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டியது. போன் அடித்துப் பார்த்தாள். தண்ணீரில் விழுந்துவிடுமென்று சிரில் போனை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிடுவார், அதனால் எடுக்கவில்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உடனே, "ஹடப்ஸர்லேருந்து காட் வரைக்கும் எத்தன பெர்மிட் ரூமு, சாராயக்கடை இருக்கு தெரியுமா மாமி?" என்றாள். மறுபடி அடித்தாள். கடைசியில் நானே வெறுத்துப்போய் அந்தப் போனைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்கூட்டர் வந்தது. படியில் கனத்த காலடிகள். நான் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். புருஷன் பெண்டாட்டி விஷயம், உள்ளே நிற்பது முறையில்லை. கதவைச் சாத்திக்கொள்ளவும் மனமில்லை.

சிரில் வலையைக் கைப்பிடியில் போட்டார். முழுக்கச் சேறு, உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. பாக்கியம் கதவைத் திறந்தாள். அவர் உள்ளே போகவில்லை.

"காட்ல டிரக்கு ஒண்ணு கவுந்து கெடந்துச்சு. வண்டி நகரல" என்றார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அவள் முகத்தில் ஊதினார்.

தலை நரைத்த மனிதர். 

"மொளை அடிச்சு இழுக்கலாம்னு எனக்கு முதல்ல இருந்தே தெரியும் பாக்கியம்" என்றார். "ஒன்னக் கூட்டிட்டுப் போனது மீனுக்கு இல்ல. எனக்கும் ஒண்ணும் அந்தத் தண்ணியில எறங்கணும்னு ஆசை கெடையாது, ஒடம்பு கேக்க மாட்டேங்கு. ஆனா நீ கூட இருந்தா வாசல்ல இப்படி நிக்காண்டாமே. அதுக்குத்தான்."

அவர் உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பாக்கியம் அதே இடத்தில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"விடு பாக்கியம். நீ ஒண்ணும் கேக்கலையே. அவராத்தானே ஊதினார்."

"மோந்து பாத்துட்டேன் மாமி" என்று அழுதாள். "கேக்கல. ஆனா ஊதினதும் மோந்து பாத்துட்டேன். பாக்காம இருக்க முடியல."

அடுத்த வாரம் முழுக்க இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. சண்டையும் இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். சிரில் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். வியாழக்கிழமை வந்தது. இனி வலை கிடையாது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பாக்கியம் நைட்டியோடு வாசல்வரை வந்து, சிரில் கையில் முளையையும் சுத்தியலையும் கொடுத்தாள். "விரால் கெடச்சா கொண்டாங்க. கெடைக்கலன்னா வெறுங்கையோட வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வெயில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தாள். நான் பால் வாங்கப் போகும்போது அவள் குறட்டை வாசல்வரை கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் குறட்டை விடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

சாயங்காலம் சிரில் படியேறி வந்தார். வலையைக் கைப்பிடியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க அரிசி டின் ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். உள்ளே, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, மெஷின் முன்னால் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். ஆலிவ் பச்சைச் சட்டை ஒன்று ஊசியின் கீழே கிடந்தது. அவர் வந்த சத்தம் கேட்டதும் அவள் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். மெஷின் நின்றது. கை இரண்டும் மேஜை விளிம்பை இறுகப் பிடித்தன.

சிரில் காத்திருந்தார். அவள் எழுந்து வரவில்லை. திரும்பவும் இல்லை.

"காப்பி பிளாஸ்க்குல இருக்கு. குளிச்சிட்டு எடுத்துக்கோங்க" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார். அவள் பின்னால் கடந்து போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார். அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் மெஷின் மறுபடி ஓடியது.

வலைக்கு அடியில் பக்கெட் வைக்க அன்றைக்கு இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. என் வாசல் கோலம்வரை தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. நானே என் வீட்டிலிருந்து ஒரு பக்கெட்டைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன்.